மென்படலம்: பெயின்ட் இல்லை சித்தப்பா, வேறு

ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த சித்தப்பா, "அஞ்சு வருஷமா காலேஜ்ல என்னதான்ப்பா பண்ணின?" என்று கேட்டார். "கண்ணாடி மேல மெல்லிசா ஒரு படலம் போட்டு, அது எப்படி இருக்குன்னு அளக்குறது சித்தப்பா" என்றேன். "ஓ, பெயின்ட் அடிக்கிறதா" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் ரசம் வந்துவிட்டது. அன்றைக்குச் சொல்ல முடியாமல் போனதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

குழப்பம் சித்தப்பாவுக்கு மட்டும் இல்லை. பைக் கழுவும் கடையில் 'நானோ கோட்டிங்' என்று பலகை தொங்குகிறது, போன் விளம்பரத்தில் ஓலெட் (கார்பன் சேர்மமே ஒளிரும் திரை) என்கிறார்கள், இயற்பியல் படிக்கும் பிள்ளைகளிலேயே பலர் மென்படலம் என்றால் ஒரு கட்டியைச் சீவிச் சீவி மெலிதாக்கியது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் அது அணு அணுவாகவோ மூலக்கூறு மூலக்கூறாகவோ ஒரு பரப்பில் வந்து உட்கார்ந்து வளர்வது. எப்படி வந்து உட்கார்ந்தது என்பதைப் பொறுத்து, அதே பொருள் மின்சாரத்தைக் கடத்தவும் செய்யும், மறிக்கவும் செய்யும்.

முதலில், எவ்வளவு மெல்லிசு

ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் 10 லட்சத்தில் ஒரு பங்கு. நாம் பேசப்போகும் படலங்கள் சில பத்து நானோமீட்டரிலிருந்து சில நூறு வரை இருக்கும். 100 என்று வைத்துக்கொள்வோம். அதைத் தாங்கும் கண்ணாடி வில்லை (லென்ஸ் இல்லை, தட்டையான சின்னத் துண்டு) 1 மில்லிமீட்டர் கனம், அதாவது படலத்தைப் போல 10,000 மடங்கு. படலத்தை 1 மில்லிமீட்டராக ஊதிப் பெரிதாக்கினால் கண்ணாடி 10 மீட்டர் உயரம் ஆகிவிடும். மூன்று மாடி வீட்டின் மொட்டை மாடியில் ஒரே ஒரு கை வெள்ளையடித்த மாதிரி. படலம் எப்போதும் இப்படி எதன் மேலாவது உட்கார்ந்துதான் இருக்கும். அந்த எதற்கு அடித்தளம் என்று பெயர்.

இவ்வளவு மெல்லியது கண்ணுக்குத் தெரியுமா? நேராகத் தெரியாது, ஆனால் நிறமாகத் தெரியும். மழை பெய்த ரோட்டில் பெட்ரோல் சிந்தினால் வானவில் மாதிரி ஓடுமே, அதுதான். மேல் பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் கீழ்ப் பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் சேரும்போது சில நிறங்கள் கூடிக்கொள்கின்றன, சில அடிபட்டுப்போகின்றன. எந்த நிறம் மிஞ்சும் என்பதைப் படலத்தின் கனம் முடிவு செய்கிறது. 1930களில் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் கேத்தரின் பிளாட்ஜெட் என்பவர் இதை வைத்தே கனத்தைச் சொல்லும் நிறப்பட்டை ஒன்றைச் செய்தார். இன்றைக்கும் கொஞ்ச காலம் கை பழகியவர்கள் வில்லையைச் சாய்த்துப் பார்த்து "இந்த ஓரம் கனம் ஜாஸ்தி" என்று சொல்லிவிடுவார்கள்.

ஆக்சைடு துரு இல்லை, ஆர்கானிக் கீரை இல்லை

ஆக்சைடு என்றதும் துரு ஞாபகம் வரும். துருவும் ஓர் ஆக்சைடுதான், ஆனால் உலோகம் ஆக்சிஜனோடு சேர்ந்த எல்லாமே ஆக்சைடுதான். துத்தநாக ஆக்சைடு (முகத்துக்குப் பூசும் கேலமைன் லோஷனில் இருக்கும் வெள்ளைப் பொடி), டின் ஆக்சைடு, இண்டியம் ஆக்சைடு எல்லாம் அந்த வகை. இதில் இண்டியத்தோடு கொஞ்சம் டின் சேர்த்ததற்கு ஐடிஓ என்று பெயர், உங்கள் தொடுதிரையின் கண்ணாடி மேல் கண்ணுக்குத் தெரியாமல் மின்சாரம் கடத்துவது பெரும்பாலும் அதுதான்.

கண்ணாடி மாதிரி ஒளியை விடும், செம்பு மாதிரி இல்லாவிட்டாலும் மின்சாரத்தைக் கடத்தும். இந்த இரண்டும் ஒரே பொருளில் எப்படி? பழைய வீட்டுப் பரணை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே கூடத்தில் எலக்ட்ரான்கள் நெரிசலாக நிற்கின்றன, திரும்பக்கூட இடமில்லை, அதனால் மின்சாரம் ஓடாது. மேலே பரண் காலியாக இருக்கிறது, அங்கே ஏறியவர் தாராளமாக ஓடலாம். இடையில் படியே கிடையாது, ஒரே தாவலில் ஏற வேண்டும். அந்த உயரத்துக்குத்தான் ஆற்றல் இடைவெளி என்று பெயர். இடைவெளி மிகப் பெரிதாக இருந்தால் அது மின்கடத்தாப் பொருள், இடைவெளியே இல்லையென்றால் உலோகம், நடுவில் இருப்பவை குறைக்கடத்திகள்.

இந்த உயரத்தை எலக்ட்ரான் வோல்ட் என்ற அலகில் சொல்வார்கள், ஓர் எலக்ட்ரான் ஒரு வோல்ட்டைக் கடக்கும்போது பெறும் ஆற்றல் அது. துத்தநாக ஆக்சைடின் பரண் ஏறத்தாழ 3.3 எலக்ட்ரான் வோல்ட் உயரம். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் மிக வலுவான ஊதா கூட 3.1-க்குமேல் தூக்கிவிடாது. யாரையும் தூக்க முடியாததால் ஒளி தன் வழியே போய்விடுகிறது, படலம் கண்ணாடியாகத் தெரிகிறது. அப்புறம் மின்சாரம்? அதற்குக் கொஞ்சம் அலுமினியத்தைக் கலந்து பரணிலேயே நேராகச் சில எலக்ட்ரான்களை இறக்கிவிடுகிறார்கள். இப்படி வேண்டுமென்றே கலப்பதற்கு மாசூட்டல் என்று பெயர். எதையும் கலக்காத துத்தநாக ஆக்சைடிலும் பரணில் கொஞ்சம் எலக்ட்ரான்கள் இருக்கும். அதற்குக் காரணம் ஆக்சிஜன் இல்லாமல் போன காலியிடங்களா, தெரியாமல் உள்ளே புகுந்த ஹைட்ரஜனா என்று பல வருடமாக அடிதடி, நான் அதில் தலையிடவில்லை.

கரிமக் குறைக்கடத்தி என்பதை ஆங்கிலத்தில் ஆர்கானிக் என்பதால் உரம் போடாத காய்கறியோடு சேர்த்துவிடுகிறார்கள். வேதியியலில் அதற்கு கார்பன் சட்டகம் கொண்டது என்று மட்டும்தான் அர்த்தம். ஒற்றைப் பிணைப்பு, இரட்டைப் பிணைப்பு என்று மாறி மாறி வரும் கார்பன் சங்கிலிகளிலும் வளையங்களிலும் சில எலக்ட்ரான்கள் ஓர் அணுவோடு ஒட்டிக்கொள்ளாமல் மூலக்கூறு முழுக்க உலவும். 1977-இல் ஷிரகாவா, மெக்டியார்மிட், ஹீகர் மூவரும் பாலிஅசிட்டிலீன் என்ற பிளாஸ்டிக் படலத்துக்கு அயோடின் ஆவியைக் காட்டி, அதன் கடத்துத்திறனைப் பல லட்சம் மடங்கு ஏற்றிக் காட்டினார்கள். 2000-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. அந்தப் படலமே ஒரு தவறில் பிறந்தது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி, ஷிரகாவாவின் ஆய்வகத்தில் வினையூக்கியை ஆயிரம் மடங்கு அதிகமாகப் போட்டுவிட்டார்கள், கறுப்புப் பொடி வரவேண்டிய இடத்தில் வெள்ளியாக மின்னும் படலம் வந்தது.

பிறகு 1987-இல் கோடாக்கில் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் இருவரும் இரண்டே கரிம அடுக்குகளை, சேர்த்தே 135 நானோமீட்டர் கனத்தில், ஐடிஓ கண்ணாடி மேல் போட்டு 10 வோல்ட்டுக்குள் பச்சை ஒளி வரவைத்தார்கள். இன்றைய ஓலெட் திரைக்கு அதுதான் தாத்தா.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: படலம் 100 நானோமீட்டர் அளவில் இருக்கும், அடித்தளத்தின் மேல் இருக்கும். ஆக்சைடில் அணுக்கள் கெட்டியாகப் பிணைந்திருக்கும், கரிமத்தில் மூலக்கூறுகள் ஒன்றன் பக்கத்தில் ஒன்று சும்மா சாய்ந்துகொண்டிருக்கும். இந்தக் கடைசி வித்தியாசம் முக்கியம், திரும்ப வரும்.

படலம் போடும் வழிகள்

எந்த வழியாக இருந்தாலும் முதல் வேலை கழுவுவது. சோப்புத் தண்ணீர், அசிட்டோன், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், கடைசியில் நைட்ரஜன் ஊதிக் காயவைப்பது. சுத்தமா என்று பார்க்கப் பெரிய கருவி வேண்டாம், வில்லை மேல் ஹா என்று வாயால் ஊதினால் போதும். மூச்சின் ஈரம் ஒரே சீராகப் படிந்து ஒரே சீராக மறைந்தால் சரி, திட்டுத்திட்டாக நின்றால் திரும்பவும் கழுவு. (ஊதிப் பார்த்ததை மறுபடி காயவைக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, ஒரு வாரம் போயிற்று.) கைரேகை ஒன்று பட்டிருந்தாலும் படலம் போட்டபின் அது அழகாகக் கல்வெட்டு மாதிரி தெரியும்.

சிக்கனமான வழி தெளிப்பு முறை. துத்தநாக அசிட்டேட்டைக் கரைத்து, 400 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடான கண்ணாடி மேல் மெல்லிய சாரலாக அடித்தால், கரைப்பான் ஆவியாகி, உப்பு சிதைந்து, துத்தநாக ஆக்சைடு மட்டும் தங்கும். தமிழ்நாட்டுக் கல்லூரி ஆய்வகங்களில் இதை நிறையப் பார்க்கலாம், வெற்றிடம் வேண்டாம், செலவு குறைவு. தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்துப் பார்ப்பவர்களுக்கு இதன் நெளிவு சுளிவு சொல்லாமலே புரியும். கல் சூடு பத்தாவிட்டால் சொட்டு அப்படியே பரவி நிற்கும், கண்ணாடியில் அது வட்ட வட்டக் கறையாகக் காயும். சூடு மிஞ்சினால் சொட்டு கல்லைத் தொடுவதற்குள் தீர்ந்துபோய் வெறும் பொடி வந்து விழும், விரலால் தொட்டால் உதிரும். நடுவில் ஒரு பதம் இருக்கிறது. சொட்டு பரப்பை எட்டும் நேரத்தில் கிட்டத்தட்ட ஆவியாக இருக்க வேண்டும், அப்போதுதான் ஒட்டிய, சீரான படலம்.

அடுத்தது சுழற்றிப் பூசுவது, ஸ்பின் கோட்டிங். மழையில் நனைந்த குடையைச் சுழற்றினால் தண்ணீர் தெறிக்கும் இல்லையா, அதே விஷயம். கரைசலை வில்லையின் நடுவில் விட்டு நிமிடத்துக்கு 3000 சுற்று வேகத்தில் அரை நிமிடம் சுழற்றினால் பெரும்பகுதி தெறித்துப்போய் மீதி சீராகப் பரவும். வேகத்தை இரட்டித்தால் கனம் பாதியாகும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான், கனம் வேகத்தின் வர்க்கமூலத்தோடு மாறுவதால் பாதியாக்க நாலு மடங்கு வேகம் வேண்டும். ஒரு தூசி விழுந்தால் போதும், அதிலிருந்து விளிம்பு வரை வால்நட்சத்திரம் மாதிரி ஒரு கோடு இழுத்துக்கொண்டு போகும். கரிமப் பொருட்களுக்கு இந்த முறை நன்றாக ஒத்துவரும், பல பாலிமர்கள் சூடாக்கினால் ஆவியாவதற்குமுன் சிதைந்துவிடும், ஆனால் தகுந்த கரைப்பானில் கரையும்.

சின்ன கரிம மூலக்கூறுகளை ஆவியாக்கலாம். சோற்றுப்பானை மூடியில் நீராவி படிவது போலத்தான், ஆனால் வெற்றிடத்தில். வெற்றிடம் ஏன்? சாதாரணக் காற்றில் ஒரு மூலக்கூறு சராசரியாக 70 நானோமீட்டர் போவதற்குள் இன்னொன்றில் முட்டிக்கொள்ளும், தேர்க் கூட்டத்தில் நடப்பது மாதிரி. அழுத்தத்தைப் பத்துக் கோடியில் ஒரு பங்காகக் குறைத்தால் முட்டாமல் 6, 7 மீட்டர் போகலாம். பொருளைச் சூடாக்கும் கொப்பரையிலிருந்து அடித்தளம் அரை மீட்டர் கூட இருக்காது, அதனால் நேர்க்கோட்டில் வந்து சேரும், வழியில் ஆக்சிஜனோடும் ஈரத்தோடும் சண்டை போடாது.

ஆக்சைடுகளுக்குத் தொழிற்சாலைகளில் ஓடுவது ஸ்பட்டரிங். இதற்குக் கேரம் பலகைதான் சரியான உவமை. ஆர்கான் வாயுவை மின்னழுத்தத்தால் அயனியாக்கினால் உள்ளே இளம் ஊதா நிறத்தில் ஒளிரும். அந்த அயனிகள் ஸ்ட்ரைக்கர் மாதிரி இலக்குத் தகட்டில் போய் அடிக்கும், அங்கிருந்து அணுக்கள் காய்கள் மாதிரி தெறித்து எதிரே இருக்கும் கண்ணாடியில் வந்து படியும். ஆர்கானோடு கொஞ்சம் ஆக்சிஜனும் விடுவார்கள். வித்தையே அங்கேதான் இருக்கிறது. ஆக்சிஜன் குறைந்தால் படலம் பழுப்பேறி ஒளியை விழுங்கும், கூடினால் தெளிவாக இருக்கும், ஆனால் மின்சாரம் போகாது. ஒரே இலக்கு, ஒரே கருவி, ஒரு வால்வை இம்மி திருப்பியதில் வேறு பொருள்.

ஒழுங்கில்லாமலும் ஓடுமா

படிகம் என்றால் அணுக்கள் பள்ளிக்கூடத்துப் பிரார்த்தனை வரிசை மாதிரி ஒழுங்காக நிற்பது. வரிசை குலைந்தால் படிக உருவற்றது. சிலிக்கானில் வரிசை குலைந்தால் எலக்ட்ரானின் ஓட்டம் ஆயிரம் மடங்குக்கு மேல் மந்தமாகிவிடும், ஏனென்றால் சிலிக்கான் அணுக்கள் குறிப்பிட்ட திசையில் கை நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பவை, ஒருவர் திரும்பினாலும் கை விட்டுப்போகும். ஆனால் இண்டியம், கேலியம், துத்தநாகம் மூன்றும் சேர்ந்த ஆக்சைடில் எலக்ட்ரான் போகும் பாதை உலோக அணுவைச் சுற்றிய பெரிய உருண்டை மேகம். அதற்குத் திசை கிடையாது. மழை நாளில் பஸ் ஸ்டாப்பில் குடை பிடித்து நிற்பவர்களைப் பாருங்கள், யார் எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் குடைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித்தான் இருக்கும், ஓர் எறும்பு குடைக்குக் குடை போய்க்கொண்டே இருக்கலாம். 2004-இல் ஜப்பானில் ஹிடியோ ஹொசோனோவின் குழு இந்த ஆக்சைடை வைத்து வளையும் பிளாஸ்டிக் மேல் டிரான்சிஸ்டர் செய்து காட்டியது. இன்று பெரிய ஓலெட் டிவிகளில் ஒவ்வொரு புள்ளிக்கும் மின்சாரத்தை அளந்து விடுவது இந்தக் குடும்பத்து ஆக்சைடு, ஒளி தருவது கரிமம். இரண்டும் ஒரே கண்ணாடியில் மேலும் கீழுமாக.

கரிமத்தில் குடை கிடையாது. மூலக்கூறுக்கு மூலக்கூறு எலக்ட்ரான் தாவ வேண்டும், ஓடை தாண்டக் கல்லுக்குக் கல் தாவுவது போல. கற்கள் எப்படிக் கிடக்கின்றன என்பதுதான் எல்லாமே. பென்டசீன் என்ற நீள மூலக்கூறு கண்ணாடியில் கிட்டத்தட்ட நிமிர்ந்து நின்று, மேலிருந்து பார்த்தால் மீன்முள் மாதிரி ஒன்றுக்கொன்று சாய்வாக அடுக்கிக்கொள்ளும். பக்கவாட்டில் மின்சாரம் ஓட வேண்டிய டிரான்சிஸ்டருக்கு அது வசதி, மேலிருந்து கீழே ஓட வேண்டிய சாதனத்துக்கு வசதியில்லை. ஈரமும் ஆக்சிஜனும் கரிமத்துக்கு எமன். ஓலெட் திரைக்குள் ஒரு நாளில் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கிராமில் 10 லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் நீராவி நுழையக் கூடாது என்ற அளவுக்கு மூடி வைக்கிறார்கள்.

சுருக்கம்: எப்படிப் போட்டோம் என்பது அணுக்கள் நிற்கும் விதத்தை மாற்றும், நிற்கும் விதம் மின்சாரத்தை மாற்றும். அதனால் போட்டு முடித்ததும் "என்ன வந்திருக்கிறது?" என்று பார்த்தே ஆக வேண்டும்.

அளப்பது: நாலு கேள்விகள்

எத்தனை கனம்? எளிய வழி, பூசுமுன்னும் பின்னும் எடை போடுவது. ஆனால் கணக்கைப் பாருங்கள். இரண்டரை சென்டிமீட்டர் சதுரக் கண்ணாடியில் 100 நானோமீட்டர் துத்தநாக ஆக்சைடு, அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 5.6 கிராம், மொத்த எடை 0.35 மில்லிகிராம். உங்கள் தராசு 0.1 மில்லிகிராம்தான் காட்டும் என்றால் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு ஊகம். படலத்தில் துளைகள் இருந்தால் அடர்த்தியும் பொய். "எடை வித்தியாச முறையில் கனம் 103.7 நானோமீட்டர்" என்று எழுதியிருந்தால் அந்தப் புள்ளி ஏழைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரும். நம்பகமான வழி, ஓரிடத்தைப் பூசாமல் விட்டு, படலத்தின் ஓரம் ஒரு படி மாதிரி நிற்கும்படி செய்து, கூர்மையான ஊசியை மேலே இழுத்துப் படியின் உயரத்தைப் பார்ப்பது.

அணுக்கள் எப்படி நிற்கின்றன? அதற்கு எக்ஸ்ஆர்டி, அதாவது எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு. பொள்ளாச்சிப் பக்கம் பஸ்ஸில் போகும்போது தென்னந்தோப்பைப் பார்த்திருப்பீர்கள், குழப்பமாகத் தெரியும் மரங்கள் சட்டென்று ஒரு கோணத்தில் மட்டும் வரிசை வரிசையாகத் திறந்துகொள்ளும். எக்ஸ் கதிரும் குறிப்பிட்ட கோணங்களில்தான் பலமாகத் திரும்பி வரும், கோணத்திலிருந்து வரிசைகளுக்கு இடையே உள்ள தூரம் கிடைக்கும். துத்தநாக ஆக்சைடு படலத்தில் 34.4 டிகிரியில் ஒரு முகடு நிற்கும். பெரும்பாலும் அந்த ஒன்று மட்டும்தான் பெரிதாக நிற்கும், உடனே "ஒற்றைப் படிகம்" என்று எழுதிவிடுகிறார்கள். தப்பு. சின்னச் சின்னப் படிகங்கள் ஏராளமாக இருந்து, எல்லாமே தலையை மேல்நோக்கி வைத்து நின்றாலும் அந்த முகடு மட்டும்தான் தெரியும். 25 டிகிரி பக்கம் அகலமாக ஒரு மேடு தெரிந்தால் அது அனேகமாகக் கண்ணாடியுடையது. நான் முதல் வருடம் அந்த மேட்டை என் படலத்தின் பெருமையாக ஒரு பக்கம் விளக்கி எழுதி, ஒருவர் வெறும் கண்ணாடியை வைத்து எடுத்த வரைபடத்தை மேலே போட்டுக் காட்டியதும் வாயை மூடிக்கொண்டேன்.

மேடு பள்ளம் பார்க்க அணுவிசை நுண்ணோக்கி இருக்கிறது, நுண்ணிய ஊசி பரப்பைத் தடவிப் படிக்கும். அது தரும் வண்ணப் படங்களில் செங்குத்து அளவை இழுத்துக் காட்டுவார்கள், 2 நானோமீட்டர் மேடு கொல்லிமலை மாதிரி தெரியும். அளவுகோலைப் பார்க்காமல் மயங்க வேண்டாம்.

ஒளியை என்ன செய்கிறது? அலைநீளத்தை மாற்றிக்கொண்டே போய் எவ்வளவு ஒளி கடக்கிறது என்று பார்ப்பார்கள். துத்தநாக ஆக்சைடில் 375 நானோமீட்டர் பக்கம் ஒளி சட்டென்று விழும். அலைநீளத்தை ஆற்றலாக மாற்றும் எண் 1240, அதை அந்த அலைநீளத்தால் வகுத்தால் 3.3 எலக்ட்ரான் வோல்ட், நம் பரணின் உயரம். வழக்கமாக இதை வேறொரு வரைபடமாக மாற்றி, நேர்க்கோடு போட்டு, அது அச்சை வெட்டும் இடத்தைப் படிப்பார்கள். கோட்டை எங்கே வைக்கிறோம் என்பதில் கை ஆடும். இரண்டு படலங்களுக்கு 3.27, 3.29 என்று வந்தால் அதை வைத்துக் கதை கட்டாமல் இருப்பது நல்லது.

மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது? இங்கே புதிதாக வருபவர்கள் திகைப்பது 'சதுரத்துக்கு இத்தனை ஓம்' என்ற அலகில். எந்தச் சதுரம், சென்டிமீட்டரா அங்குலமா? எந்தச் சதுரமும்தான். நீளத்தை இரட்டித்தால் மின்தடை இரட்டிக்கும், அகலத்தை இரட்டித்தால் பாதியாகும், இரண்டையும் சேர்த்துச் செய்தால் பழைய இடத்துக்கே வந்துவிடும். அதனால் ஒரே படலத்தில் தபால்தலை அளவுச் சதுரமும் மேசை அளவுச் சதுரமும் ஒரே மின்தடை காட்டும். இதற்குத் தகட்டு மின்தடை என்று பெயர். நாலு ஊசிகளை வரிசையாக ஊன்றி, வெளி இரண்டில் மின்னோட்டத்தை விட்டு, உள் இரண்டில் மின்னழுத்தத்தைப் படித்தால், ஊசி தொடும் இடத்து மின்தடை கணக்கில் கலக்காது. கடையில் வாங்கும் நல்ல ஐடிஓ கண்ணாடி 10, 15 ஓம் காட்டும்.

ஒரு வரியைப் படித்துப் பார்ப்போம்

"ஸ்பட்டரிங் முறையில் அறை வெப்பநிலையில் 150 நானோமீட்டர் ஐடிஓ, தகட்டு மின்தடை 12 ஓம், ஒளி ஊடுருவல் 85 சதவீதம்." இப்படி ஒரு வரி கண்ணில் பட்டால் இனி என்ன கேட்பீர்கள்? ஆக்சிஜன் எவ்வளவு விட்டார்கள் என்று கேட்கலாம். 150 என்பதை எதை வைத்து அளந்தார்கள், வில்லையின் நடுவிலா ஓரத்திலா என்று கேட்கலாம். 12 ஓம், நாலு ஊசியா இரண்டு ஊசியா? அப்புறம் அந்த 85. வெறும் கண்ணாடியே இரண்டு பரப்பிலும் கொஞ்சம் கொஞ்சம் எதிரொளித்து 92 சதவீதம்தான் விடும். கண்ணாடியையும் சேர்த்து 85 என்றால் படலத்தால் போனது 7 சதவீதம். கண்ணாடியைக் கழித்த பிறகு 85 என்றால் 15.